உருகல் சான்றிதழ்

"கோணியை இழுங்க! அந்த மூலை திறந்து கிடக்கு பாருங்க, வெயில் நேரா அங்கதான் அடிக்குது!"

ஐஸ்காரர் லாரியின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். கீழே டிரைவர் ஈரக்கோணியின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுமுனையை இரண்டு கைகளாலும் இழுத்தார். கோணிக்கு அடியில் மரத்தூள். மரத்தூளுக்கு அடியில் வரிசை வரிசையாக ஐஸ் பாளங்கள். லாரியின் பின்கதவு இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை. சொட்டும் கட்டத்தைத் தாண்டி ஒழுகிக்கொண்டிருந்தது.

"வந்துச்சா?" என்று அலுவலக ஜன்னலைப் பார்த்துக் கூவினார்.

"சுத்துது!" என்று உள்ளேயிருந்து மனைவி பதிலுக்குக் கூவினாள்.

சுற்றியது, கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்ன வட்டம். லாரியில் முதல் பாளம் ஏறியபோது சுற்ற ஆரம்பித்தது. ஐஸ் ஆலையில் சுற்ற வேண்டிய மோட்டார், மின்விசிறி, கம்ப்ரஸர் எல்லாம் சுற்றி முடித்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. இது மட்டும் ஓயவில்லை.

அந்த வட்டம் நின்று, அதன் இடத்தில் நீளமாக ஓர் எண் வந்தால்தான் லாரி கேட்டைத் தாண்டலாம். புதுச் சட்டம். சிறு வியாபாரிகள் யாரும் இனி கையால் பில் எழுதக் கூடாது. கம்ப்யூட்டரில் பில் போட்டு, மின்பட்டியல் இயக்ககத்துக்கு அனுப்பி, அவர்கள் அதற்கு ஓர் எண் கொடுத்த பிறகே சரக்கு நகர வேண்டும். 'ஒரே நொடியில்!' என்பது இயக்ககத்தின் முழக்கம். அந்தச் சுவரொட்டி ஐஸ்காரரின் ஆலைச் சுவரிலும் இருந்தது. ஒட்டாவிட்டால் அபராதம்.

எண் வாங்காமல் போய்விட்டால்தான் என்ன?

போன மாதம் போனார். சாலையில் பிடித்தார்கள். லாரியைச் சரக்கோடு இயக்ககத்தின் முற்றத்தில் நிறுத்திச் சீல் வைத்தார்கள். விசாரணை முடிந்து சீலை உடைத்துப் பார்த்தபோது உள்ளே மரத்தூள் மட்டும் இருந்தது. இயக்ககத்தின் காவலில் இருந்த சரக்கை மாயமாக்கியதாக ஐஸ்காரர் மீது இரண்டாவது வழக்கு பதிவானது.

அதனால் இன்று எண்ணுக்காகக் காத்திருந்தார்.

இன்றைய லாரி வெறும் லாரி இல்லை. மீன் வியாபாரிகள் எல்லோரும் புதிதாக வந்த பெரிய ஆலைக்குப் போய்விட்டார்கள். அங்கே எண் வாங்குவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். மனைவியின் தம்பி, ஆலை இருக்கும் இடத்தைக் குடோனுக்கு விலை பேசி, வாங்குகிறவரையும் கையோடு கூட்டிவந்து முன்னறையில் உட்கார வைத்திருந்தான். இந்த நெருக்கடியில்தான் ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆலை போனுக்கு அழைத்தார். எது கேட்டாலும் ஏற்பாடு செய்து கொடுப்பது அவர் தொழில்.

"லாரி நிறைய ஐஸ் வேணும். மதியத்துக்குள்ள. இது சரியாப் போய்ச் சேர்ந்தா கோடை முழுக்க ஆர்டர் உங்களுக்குத்தான்."

"எந்த இடம்ங்க?"

"பெரிய இடம். வெளியில சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. லாரி கிளம்பினதும் டிரைவருக்கு வழி சொல்றேன். ஆனா ஒண்ணு, இ-பில் இல்லாம அந்த கேட்டுக்குள்ள கொசு கூட நுழைய முடியாது."

மனைவி கறாராகப் பேசிவிட்டாள். "மதியம் வரைக்கும் பார்ப்பேன். லாரி போச்சுன்னா ஆலை இருக்கும். போகலைன்னா தம்பி கொண்டுவந்த பத்திரத்துல கையெழுத்துப் போடுவேன். இடம் என் பேர்லதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க."

ஞாபகம் வைத்துக்கொண்டுதான் லாரி மேல் நின்றார்.

"என்னங்க! நின்னுடுச்சு! வட்டம் நின்னுடுச்சு!"

ஐஸ்காரர் லாரியிலிருந்து குதித்தார். தரையில் ஓடிய தண்ணீரில் வழுக்கி, சுவரைப் பிடித்து, ஒற்றைச் செருப்போடு அறைக்குள் பாய்ந்தார்.

திரையில் எண் இல்லை. ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. 'பட்டியலில் உள்ள எடையும் எடைமேடை காட்டும் எடையும் முரண்படுகின்றன. குறைவுக்கான காரணத்தைத் தேர்வு செய்க: திருட்டு. கசிவு. பிற.'

லாரி நின்றிருந்தது எடைமேடையின் மேல். புதுச் சட்டப்படி எடைமேடை நேரடியாக இயக்ககத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. எசமான் வீட்டு உப்பைத் தின்றுகொண்டே அது வினாடிக்கு வினாடி இயக்ககத்துக்குக் கோள் சொல்லிக்கொண்டிருந்தது.

"பிறன்னு போடு."

போட்டாள். 'பிற காரணத்துக்கான முன் அனுமதி எண்ணை உள்ளிடுக.'

"கசிவு போடு. கசியத்தானே செய்யுது."

'கசிந்த கொள்கலனின் பாதுகாப்புச் சான்றிதழ் எண்ணை உள்ளிடுக.'

மனைவி திரும்பிப் பார்த்தாள். "திருட்டுதான் பாக்கி."

"போடு, வேற வழி?"

'திருடியவரின் பெயர், முகவரி.'

"அண்ணி, சூரியன்னு போடுங்க" என்றார் ஜன்னலில் தலை நீட்டிய டிரைவர். "கிழக்குன்னு முகவரி கொடுங்க. சில சமயம் எடுத்துக்கும்."

போட்டாள். எடுத்துக்கொண்டது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அடுத்த கேள்வி வந்தது. 'மேற்படி நபர் இதே குற்றத்தை இதற்கு முன்பும் செய்திருக்கிறாரா?'

"தினமும்" என்று உண்மையைத் தட்டினாள்.

'வழக்கமான குற்றவாளியைத் தெரிந்தே வளாகத்துக்குள் அனுமதித்துள்ளீர்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

முன்னறையிலிருந்து மைத்துனன் எட்டிப் பார்த்தான். "மாமா, எதுக்கு இந்த அவஸ்தை? குடோன்னா உருகாது."

ஐஸ்காரர் இயக்ககத்தின் உதவி எண்ணை அழைத்தார். நெடுநேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"பொருள் என்ன சார்?"

"ஐஸ்ங்க."

"திடமா, திரவமா?"

"உங்களுக்குப் போன் போட்டப்போ திடம்."

"தெளிவாச் சொல்லுங்க சார்."

"நீங்க கொஞ்சம் வேகமாப் பேசினா தெளிவாச் சொல்ல முடியும்மா."

"எடை குறையற பொருளுக்கு உருகல் சான்றிதழ் வேணும் சார். இயக்ககத்துக்கு நேர்ல போய் வாங்கணும். மாதிரி கொண்டு போங்க."

"மாதிரி எதுக்கு?"

"அது உருகுதான்னு நாங்க பார்க்க வேண்டாமா?"

மனைவி மறுபடியும் முதலிலிருந்து பில் போட ஆரம்பித்தாள். வட்டம் மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தது. ஐஸ்காரர் ஒரு பாளத்தின் மூலையை உடைத்து எவர்சில்வர் தூக்கில் போட்டு, ஸ்கூட்டரில் மாட்டினார். ஊரில் ஆளாளுக்கு ஐஸ் வைத்துத்தான் காரியம் சாதிக்கிறார்கள். ஐஸ் விற்கிற இந்த மனிதர் மட்டும் வாழ்க்கையில் யாருக்கும் ஐஸ் வைத்ததில்லை. இன்று அதையும் தூக்கில் எடுத்துக்கொண்டு அரசாங்க அலுவலகத்துக்குப் பறந்தார்.

இயக்ககம் உயரமான கண்ணாடிக் கட்டடம். எங்கு பார்த்தாலும் ஜன்னல். எதுவும் திறக்காத ஜன்னல். உள்ளே ஒரு வரிசை வளைந்து, படியேறி, தூணைச் சுற்றி, தன் வாலைத் தானே தொட்டது. ஐஸ்காரருக்கு முன்னால் பலூன்காரர் நின்றிருந்தார்.

"உங்களுக்கு என்ன பிரச்சினைங்க?" என்று ஐஸ்காரர் கேட்டார்.

"பலூன் வாங்கின பில் இருக்கு. உள்ள இருக்கிற காத்தை யார்கிட்ட வாங்கினேன்னு கேக்கிறாங்க."

"நீங்கதானே ஊதுனீங்க?"

"அதைத்தான் சொன்னேன். அப்ப நீ உற்பத்தியாளர், வேற வரிசைன்னு அனுப்பிட்டாங்க. அந்த வரிசையில, மூக்கு வழியா வாங்கின மூலப்பொருளுக்குக் கணக்கு கேக்கிறாங்க."

"என்ன செய்யப் போறீங்க?"

"மூச்சை அடக்கிட்டு நிக்கிறேன். எதையாவது விட்டா அதுவும் விற்பனைன்னுடுவாங்க."

தூக்குக்குள் ஐஸ் கலகலவென்றது. பலூன்காரர் அதைப் பொறாமையோடு பார்த்தார். "உங்களுதாவது கண்ணுக்குத் தெரியுது."

கவுன்ட்டருக்குப் போவதற்கு முன் எல்லோரும் விழிப்புணர்வு உரையைக் கேட்டே ஆக வேண்டும் என்று ஒரு காவலாளி வரிசையை அப்படியே ஓர் அரங்கத்துக்குள் திருப்பிவிட்டார். கைதட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் வருகைச் சீட்டு. மேடையில் விழிப்புணர்வு அதிகாரி நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குரல் கணீரென்று இருந்தது.

"வணிகப் பெருமக்களே! முன்பு என்ன நிலைமை? ஒரு பேனா, ஒரு தாள். கண் மூடித் திறப்பதற்குள் பில் எழுதிவிடுவீர்கள். வாங்கியவர் போய்விடுவார். நீங்கள் அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். இதில் எங்களுக்கு என்ன பங்கு இருந்தது? யோசித்துப் பாருங்கள். ஒன்றுமே இல்லை! அந்த அவல நிலையைத்தான் ஒழித்திருக்கிறோம்."

கைதட்டல்.

"சிலர் கேட்கிறார்கள். ஒரே நொடி என்றீர்களே, காலையிலிருந்து காத்திருக்கிறோமே என்று. எண் வரும்போது ஒரே நொடியில்தான் வரும். அது வருவதற்கு முந்தைய நேரம் முழுவதும் உங்களுடையது. அதில் இயக்ககம் தலையிடுவதே இல்லை."

கைதட்டல்.

"எளிமைப்படுத்துவது எளிதல்ல. இதுவரை வெளியிட்ட விளக்கச் சுற்றறிக்கைகளை அடுக்கினால் இந்த மேடை தாங்காது. ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதைப் புரியவைக்க வெளியிட்டது. பலன் என்ன? இந்த மாதம் போலிப் பட்டியல் ஒன்றுகூட வெளிவரவில்லை. உண்மையான பட்டியலுக்கே எண் கிடைக்காத இடத்தில் போலிக்கு எப்படிக் கிடைக்கும்?"

பெருத்த கைதட்டல். ஐஸ்காரர் தூக்கை முழங்கையில் மாட்டிக்கொண்டு தட்டினார். உள்ளே சளக் சளக்கென்று சத்தம் கேட்டது.

போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"கைதட்டிட்டு இருக்கேன்."

"இங்க ஒரு வரிசை பாளம் காணோம். ஒப்பந்தக்காரர் இங்க போன் பண்ணிக் கத்துறார். பெரிய இடத்துல தலைகீழா நிக்கிறாங்களாம். அந்தப் பெரிய இடத்துக்கு என்னதான் அவ்வளவு அவசரமோ! உங்க நம்பரையும் கொடுத்துட்டேன்."

"வட்டம்?"

"சுத்துது. தம்பி பேனா மூடியைத் திறந்துட்டான்."

கவுன்ட்டரில் இருந்த அதிகாரி தூக்கை வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்தார். பிறகு ஐஸ்காரரைப் பார்த்தார்.

"இதுல தண்ணிதானே இருக்கு. ஐஸ் எங்க?"

"உருகிடுச்சு சார்."

"உருகினதுக்கு என்ன ஆதாரம்?"

"தண்ணிதான் சார் ஆதாரம்."

"தண்ணி எந்தக் குழாய்லயும் வரும். இது ஐஸா இருந்ததை யாராவது பார்த்தாங்களா?"

"நான் பார்த்தேன் சார்" என்று பலூன்காரர் முன்னால் வந்தார். "முதல்ல கலகலன்னு கேட்டுச்சு. உரை முடியறதுக்குள்ள சளக் சளக்னு ஆயிடுச்சு."

"சாட்சி என்ன தொழில்?"

"பலூன் உற்பத்தி."

அதிகாரி வாக்குமூலத்தைப் பதிவு செய்தார். ஒரு முத்திரை குத்தினார். ஊதிக் காயவைத்தார். பலூன்காரர் அந்த ஊதலை ஏக்கத்தோடு பார்த்தார். உருகல் சான்றிதழ் கைக்கு வந்தது! ஐஸ்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நன்றி சார். இதை வச்சு லாரியை அனுப்பிடலாமா?"

"அதெப்படி? இது இந்தத் தூக்குல இருந்த ஐஸுக்கு மட்டும். லாரி ஐஸ் உருகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? லாரியைக் கொண்டு வாங்க."

"லாரி கேட்டைத் தாண்ட எண் வேணும் சார்."

"எண் வேணும்னா சான்றிதழ் வேணும்."

"சான்றிதழ் வேணும்னா?"

"அதான் சொன்னேனே, லாரி."

அதிகாரி கெட்டவர் இல்லை. ஐஸ்காரரின் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு யோசனை சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஏன் உருகாத ஐஸ் விக்கக் கூடாது? இப்படி நாளெல்லாம் மாறிட்டே இருக்கிற பொருளை வச்சுக்கிட்டு எங்களையும் சேர்த்துக் கஷ்டப்படுத்துறீங்க."

ஐஸ்காரருக்கு உள்ளே ஏதோ ஒன்று பட்டென்று அறுந்தது. பிறந்ததிலிருந்து குளிர்ச்சியான தொழில் செய்தவர். கோபம் எப்படி வரும் என்பதே அவருக்குத் தெரியாது. வந்தபோது மொத்தமாக வந்தது.

"உருகாத ஐஸா? சரி சார். நீங்க முதல்ல வேர்க்காத அதிகாரியாகுங்க, நான் உருகாத ஐஸ் விக்கிறேன்! என் ஆலை அங்க லாரியிலேர்ந்து சொட்டுச் சொட்டாத் தெருவுல போகுது. அதை வச்சு நான் சோறு தின்னுட்டிருக்கேன். உங்க வட்டம் நிக்கிறதுக்குள்ள என் பொழப்பு நின்னுடும். இயக்குநர் எங்க? எந்த மாடி?"

"முன் அனுமதி இல்லாம அவரை..."

ஐஸ்காரர் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார். லிஃப்ட் இருந்தது. அதற்கும் எண் கேட்பார்களோ என்று பயம்.

ஏற ஏறப் புழுக்கம் கூடியது. மேல் மாடியில் ஊழியர்கள் கோப்புகளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கோப்புகளால் ஒரு மனிதனுக்கு நன்மை விளைவதை ஐஸ்காரர் அன்றுதான் கண்டார். தடுக்க எழுந்த உதவியாளர் களைத்துப்போய் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

இயக்குநர் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் போட்டிருந்தார். ஆனாலும் பண்பான மனிதர். நாற்காலியைக் காட்டினார். ஐஸ்காரர் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார். எடைமேடை, சூரியன், தூக்கு, பத்திரம், மைத்துனனின் பேனா, ஒன்றையும் விடவில்லை.

இயக்குநர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. உங்களை மாதிரி நேர்மையான வியாபாரிக்காகத்தான் நான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். விதியாவது, சான்றிதழாவது! என் சிறப்பு அதிகாரத்துல நானே ஒப்புதல் தர்றேன். உங்க பில் நம்பர் சொல்லுங்க."

சொன்னார். இயக்குநர் தன் கம்ப்யூட்டரில் தேடி, கண்டுபிடித்து, ஒரு விரலை உயரத் தூக்கி, பொத்தானை அழுத்தினார்.

"முடிஞ்சது! எடை முரண்பாடு தள்ளுபடி. இனிமே உங்க லாரியை யாரும் தடுக்க முடியாது. எண் வர வேண்டியதுதான் பாக்கி."

ஐஸ்காரர் கைகூப்பி எழுந்தார். போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, சிவப்புப் பெட்டி போயிடுச்சு! ஏதோ பச்சையா வந்துச்சு!"

"எண்?"

"அதுக்குத்தான் சுத்துது. பாதி லாரிதான் மிச்சம். அதுவாவது போய்ச் சேரட்டும்ங்க, சீக்கிரம். மதியமாகப் போகுது. நானும் எவ்வளவு நேரம் தம்பிகிட்ட பேனா எழுதலைன்னு சொல்றது?"

இவ்வளவு நேரம் அவள் தனக்காகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது ஐஸ்காரருக்கு இப்போதுதான் உறைத்தது. போனைப் பையில் போட்டுவிட்டு இயக்குநரின் திரையை எட்டிப் பார்த்தார்.

அங்கேயும் அதே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"சார், நீங்களே அழுத்தியும் சுத்துதே?"

"யார் அழுத்தினாலும் சுத்தும்" என்றார் இயக்குநர், துண்டைப் பிழிந்தபடி. "காலையிலேர்ந்து நாடு முழுக்க யாருக்கும் எண் போகலை. வெளியில சொல்லிடாதீங்க. எண் கொடுக்கிற மெஷின் எல்லாம் இந்த மாடியிலதான், அந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கு. குளிர்லயே இருக்க வேண்டிய சாமான். ஏசி படுத்துடுச்சு. ரிப்பேருக்கு ஆள் கூப்பிடணும்னா அவன் பில்லுக்கு எண் வேணும்னு நம்ம ஆளுங்களே தடுத்துட்டாங்க. மெஷின் அடுப்பு மாதிரி கொதிக்குது."

"அப்ப எப்ப சார் சரியாகும்?"

"எப்பவோ சரியாகியிருக்கணும். ரகசியமா அவசர ஏற்பாடு செஞ்சாச்சு. வந்து இறங்கினா ஒரே நொடியில எல்லாருக்கும் எண் போயிடும். ஆனா பாருங்க, எவனோ ஒரு வியாபாரி, பொறுப்பே இல்லாம, சரக்கை ஏத்தி வச்சுக்கிட்டு கிளம்பவே மாட்டேங்கிறானாம். நாட்டு வியாபாரம் மொத்தமும் அந்த ஒரு ஆளால நின்னு கிடக்கு. இந்த மாதிரி ஆளுங்களைத் திருத்தத்தான் சட்டமே கொண்டு வந்தோம். இருங்க, அந்த ஒப்பந்தக்காரனையே கேட்போம்."

மேசை மேலிருந்த போனில் எண்ணைத் தட்டி, ஒலிபெருக்கியைப் போட்டார். பழகிய குரல் ஒன்று அறை முழுவதும் பரவியது.

"வணக்கம் சார்! இதோ சார், காலையிலேர்ந்து கத்திட்டுத்தான் இருக்கேன் சார். ஆளு ஆலையில இல்லையாம், எங்கேயோ ஊர் சுத்தப் போயிட்டாராம். அவரோட நம்பர் இப்பத்தான் கிடைச்சுது. இன்னொரு போன்ல கூப்பிடறேன், நீங்களே காதால கேளுங்க."

ஒலிபெருக்கியில் எண் தட்டும் சத்தம் கேட்டது.

ஐஸ்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவர் அசையவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. இயக்குநர் முகத்தைச் சுளித்தார்.

"முதல்ல அதை எடுத்துப் பேசுங்க சார். யாரோ பாவம், அவசரமா ஐஸ் கேக்கிறாங்க போல."